மேடைக்கு ஆகாத கறுப்பு

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போவது அம்மாவுக்குப் பெரிய சோதனை. கதிரையில் உட்கார்ந்ததும் அப்பா வலது கையை மேசைக்குக் கீழே விட்டு, பலகையின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் தடவுவார். மேற்பக்கம் பார்க்கிறவர்களுக்காகச் செய்வது, அடிப்பக்கத்தில்தான் செய்தவனின் மனச்சாட்சி தெரியும் என்பது அவருடைய கட்சி. தடவிவிட்டு உதட்டைப் பிதுக்கினால் அது மட்டமான மேசை. ஒன்றும் சொல்லாமல் தேநீரை எடுத்துக் குடித்தால் நல்ல மேசை. அவர் உதட்டைப் பிதுக்கும்போது வீட்டுக்காரர்கள் தேநீரில் சீனி குறைந்துவிட்டதாக்கும் என்று பதறுவார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்கக் காருக்குள் அம்மாவின் அர்ச்சனை நடக்கும்.

டென்மார்க்கில், விபோர்க்குக்குப் பக்கத்தில், மேசை கதிரை செய்கிற ஒரு தளபாடத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வார்னிஷ் அடித்தவர் அவர். எனக்குப் பத்து வயதானபோது அந்தத் தொழிற்சாலை கூலி குறைந்த ஒரு நாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அப்பா சோபாவுக்கு இடம்பெயர்ந்தார். கொம்யூன் என்கிற நகரசபை அவரைச் செவ்வாயும் வியாழனும் ஒரு வகுப்புக்கு அனுப்பியது. வேலை தேடுகிறவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவதற்கு அங்கே பழக்கினார்கள். அப்பா மூன்று வரிக்கு மேல் போகவில்லை. சவரம் செய்வதை விட்டார். கதைப்பதைக் குறைத்தார். போகிற வீடுகளில் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அந்தப் பெருவிரல் மேசைக்குக் கீழே போகவே இல்லை. ஒருநாள் காரில் அம்மா திட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அது எனக்கு வித்தியாசமாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்களோடு அப்போது மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி. டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பகலில் நகரத்துக்கு வெளியே ஒரு காளான் பண்ணையில் வேலை, பின்னேரத்தில் டேனிஷ் வகுப்பு. வேலை தொடங்கும் நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. பதினொரு கிலோமீட்டர் சைக்கிளில் போவார். இந்த யூட்லாண்டுப் பக்கத்துக் காற்று எப்போதும் எதிர்க்காற்றுத்தான் என்று அவர் சொல்வதை, ஒருமுறை அந்தச் சைக்கிளை நானே ஓட்டிப் பார்த்தபிறகு நம்பினேன். மழை நாட்களில் திரும்பி வந்ததும், நடைவாசலில் குந்தியிருந்து நனைந்த சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கிக் கசக்கி அடைப்பார். காலையில் அதை இழுத்தெடுத்துவிட்டு மறுபடியும் அதையே போட்டுக்கொண்டு போவார்.

மாமாவுக்குக் கடிதம் வந்தால் வாசிப்பது, தொலைபேசி வந்தால் பதில் சொல்வது, கடையில் விலை கேட்பது எல்லாம் நான். அந்தப் பதவியை நான் மிகுந்த கர்வத்தோடு வகித்தேன். ஒரு சொல்லையும் விடமாட்டேன், ஒரு சொல்லையும் கூட்டமாட்டேன். அப்பாவும் அம்மாவும் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை நான். மாமாவுக்கு மட்டும் தமிழ்.

ட்ரம்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஊரில் மாமா ஒரு இசைக்குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர். இங்கேயும் எங்கள் ஆட்களின் கல்யாணங்களுக்கும் பிறந்தநாட்களுக்கும் வாசிக்கிற ஒரு குழுவில் போய்ச் சேர்ந்துகொண்டார். ஆனால் அவரிடம் சொந்தமாக ட்ரம்ஸ் இல்லை. பழைய நடன மண்டபம் ஒன்றை இடிக்கப்போகிறார்கள், உள்ளே கிடக்கிற சாமான்களை யாரும் எடுக்கலாம் என்று வேலையிடத்தில் யாரோ சொல்ல, போய் ஒரு முழு ட்ரம்ஸ் தொகுதியோடு வந்தார். கறுப்பு. உள்ளே மினுக்கம் தூவிய மாதிரியான கறுப்புப் பிளாஸ்ரிக் உறை எல்லா ட்ரம்களையும் சுற்றி ஒட்டியிருந்தது. சிகரெட் சுட்ட தடங்கள், கீறல்கள். பெரிய ட்ரம்முக்குள் எலி குட்டி போட்ட தடயமும் இருந்தது. அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லை. கராஜுக்குப் போனது.

ஒரு வருடம் அதில் வாசித்தபிறகு, குழுவில் யாரோ அது லேசுப்பட்ட சாமான் இல்லை என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார்கள். இலவசமாக வீட்டுக்கு வரும் உள்ளூர்ப் பத்திரிகைக்கு நான்தான் விளம்பரம் எழுதினேன். ஓல்போர்க் நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த முடியைப் பின்னால் கட்டிய நெட்டையான மனிதர். கையில் ஒரு டோர்ச். பெரிய ட்ரம்மின் தோலைக் கழற்றித் தலையை உள்ளே விட்டார். உள்ளே, செய்த கம்பனியின் பெயர் போட்ட ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. அதைக் கண்டதும் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

வெளியே வந்து அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினேன். இது அறுபதுகளில் செய்தது. எல்லாத் துண்டும் ஒன்றாக இருக்கிறது. தொழிற்சாலையில் ஒட்டிய அதே கறுப்பு. கீறல் இருந்தால் பரவாயில்லை, மங்கியிருந்தால் பரவாயில்லை. ஆனால் ஒன்றையும் தொடக்கூடாது, துடைக்கவும் வேண்டாம். புதுசாக்குகிறோம் என்று இந்தக் கறுப்பை உரித்தால் பாதிக்கு மேல் விலை போய்விடும், பிறகு தனக்கும் வேண்டாம். ஒரு மாதத்தில் விடுமுறைப் பணம் கையில் வந்ததும் வந்து எடுக்கிறேன் என்றார். அவர் சொன்ன தொகைக்கு ஓடக்கூடிய ஒரு பழைய கார் வாங்கலாம்.

“தொடமாட்டம் எண்டு சொல்லு” என்றார் மாமா. சொன்னேன். இருவரும் கைகுலுக்கினார்கள்.

மாமா அன்று என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கார் வந்ததும் முதல் பயணம் ஸ்காகனுக்கு என்றார். டென்மார்க்கின் வடக்கு நுனியில் இரண்டு கடல்கள் முட்டிக்கொள்கிற இடம். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் போய், இந்தக் கடலில் ஒரு காலும் அந்தக் கடலில் ஒரு காலும் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கார் எனக்கும் சொந்தமாகிவிட்டது. நிறத்தைக்கூடத் தீர்மானித்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சோபாவில் படுத்திருந்த அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மாமா, என்னைக் கராஜுக்குக் கூப்பிட்டார்.

“உரிச்சா விலை போயிடும் எண்டுதானே அந்தாள் சொன்னது? வடிவா ஞாபகப்படுத்திச் சொல்லு.”

“ஓம். பாதிக்கு மேல.”

“அப்பாவுக்கு இதைப் பற்றி ஒண்டும் சொல்லாதை, என்ன?”

திடீரென்று காரைக் கொண்டுவந்து நிறுத்தி அசத்தத்தான் இப்படிச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

அடுத்த ஞாயிறு பெரியம்மா வீட்டில் கூடினோம். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர் பெரியம்மா. அவருடைய மகள் பெரியபிள்ளையாகியிருந்தாள், ஜூன் மாதம் சாமத்தியவீடு. அதை இங்கே ஒரு விளையாட்டு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பல்லக்கு, மேடை, வீடியோ, பாட்டுக்குழு என்று ஒரு குட்டிக் கல்யாணமாகவே செய்வார்கள். மேடை அலங்காரம் பற்றிப் பேச்சு நடந்தது. அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். திடீரென்று பெரியம்மா மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

“டேய் தம்பி, உன்ர கறுப்பு மேளத்தை என்ர பிள்ளையின்ர மேடையில ஏத்தாதை. நல்ல காரியத்தில கறுப்பு ஆகாது.”

“ஒரு சிவப்புச் சீலையைச் சுத்தி விட்டா முடிஞ்சுது” என்றார் அம்மா.

“சீலை சத்தத்தைக் குடிச்சுப்போடும் அக்கா” என்றார் மாமா. பிறகு யாரையும் பார்க்காமல், “நிறத்தை மாத்தத்தான் வேணும். ஆரிட்டைக் குடுக்கிறது எண்டுதான் தெரியேல்லை” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிறத்தை மாற்றுவதா? வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த மாமா தட்டிலிருந்த றோல்ஸ் ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தார். சுடச்சுட. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அப்பாவின் குரல் கேட்டது.

“கறுப்பு உறையை உரிச்சா உள்ளுக்கு மரம் இருக்கும். என்ன மரம் எண்டு பாத்தியோ தம்பி?”

“எனக்கு என்ன தெரியும் அத்தான். நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும்.”

அப்பா காரில் ஏறியதும், “சூடு காட்டித்தான் உரிக்கவேணும்” என்றார், தனக்குத்தானே.

மறுநாளே கீழறையில் கட்டிக்கிடந்த பெட்டி கராஜுக்கு வந்தது. தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த முகமூடியும் துணிகளும் அரத்தாள்களும் உள்ள பெட்டி. அதை யாரும் தொடக்கூடாது என்று ஒரு வருடமாகச் சட்டம் இருந்தது. வார்னிஷ் விசிறுகிற துப்பாக்கியை இரவல் கேட்கப் பழைய வேலைத் தோழர் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தார். இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

எனக்கோ உள்ளே எரிந்துகொண்டிருந்தது. மாமாவைத் தனியே பிடித்து, அந்த மனிதர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். “தெரியும் பிள்ளை” என்றார். அப்படியென்றால் ஏன் பேசாமல் இருக்கிறார்? நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாமாவுக்கு அப்பாவைக் கண்டு பயம். எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, எங்கள் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அத்தானிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் நெளிகிறார். பெரிய மனிதர்களின் கோழைத்தனத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் நேரே கராஜுக்குப் போனேன். சொல்லவேண்டியதை வழியெல்லாம் டேனிஷில் அடுக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் ஒரே வெக்கை. அப்பா சூட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு உறையின் விளிம்பைக் கத்தியால் மெல்ல நெம்பிக்கொண்டிருந்தார். அது கறுத்துப்போன வாழைப்பழத் தோல் மாதிரிச் சுருண்டு வந்தது. எல்லா ஆணிகளையும் கழற்றி, எது எங்கே இருந்தது என்று இலக்கமிட்டு, வரிசையாகப் பேப்பரில் ஒட்டி வைத்திருந்தார். ஒரு ட்ரம் ஏற்கெனவே முழுதாக உரிந்திருந்தது. இன்னும் ஓரங்களில் பசை இருந்தாலும், நடுவில் அரத்தாள் பட்ட இடத்தில் செம்பழுப்பு மரம் வரிவரியாகத் தெரிந்தது.

அப்பா முகமூடியைக் கழற்றினார். அன்று சவரம் செய்திருந்தார். தலைமயிர் எல்லாம் கறுப்புத் துகள்.

“இஞ்ச வா. மணந்து பார்” என்றார். “மகோகனி. இதைப் போய் மூடி வைச்சிருக்கிறாங்கள். அம்மா சிவப்பு அடி எண்டு நிக்கிறா. இதுக்கு மேல நிறம் அடிக்கிறது பாவம்.”

மணந்து பார்த்தேன். பழைய அலுமாரிக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு வாசம். அவர் அந்த மரத்தின் உட்பக்கத்தைப் பெருவிரலால் ஒரு முறை சுற்றித் தடவினார். நான் அடுக்கிக்கொண்டு போன வசனம் வாய்வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. ஏற்கெனவே ஒன்றை உரித்தாயிற்று, இனிச் சொல்லி என்ன என்று சமாதானம் செய்துகொண்டேன்.

“பசிக்குது” என்றேன். தமிழில் சொன்னேன்.

மூன்று வாரம் வேலை நடந்தது. தேய்ப்பதும் விசிறுவதும் காயவிடுவதும் மறுபடி தேய்ப்பதும். அம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் சோற்றுக் கோப்பையைக் கராஜுக்கே கொண்டுபோனார். தூசி பறக்கும் என்று விரட்டப்பட்டுக் கோப்பையோடு திரும்பி வந்தார். திட்டிக்கொண்டேதான் வந்தார். ஆனால் முகத்தில் கோபத்தைக் காணவில்லை.

சாமத்தியவீட்டு மேடையில் அந்த ட்ரம்ஸ் தேன் நிறத்தில் மினுங்கியது. இரண்டு பக்கமும் ஆளுயரக் கறுப்பு ஒலிபெருக்கிப் பெட்டிகள், முன்னால் கறுப்புக் கீபோர்ட், நடுவில் அது. வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்து ஆசீர்வதித்துவிட்டுத் திரும்பும்போது ட்ரம்ஸையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள். தொட்டவர் நகர்ந்ததும் அப்பா மேடையேறித் தன் சால்வையால் விரல் அடையாளத்தைத் துடைப்பார். இறங்குவார். இன்னொருவர் தொடுவார். மறுபடியும் ஏறுவார். மாமா அன்று பாட்டுக்காரரின் குரல் கேட்காத அளவுக்கு அடித்துத் தள்ளினார். எல்லோருக்கும் சந்தோசம். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, காரில்லாத ஸ்காகனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓல்போர்க் மனிதர் தொலைபேசி எடுத்தார். “செவ்வாய்க்கிழமை வரச் சொல்லு” என்றார் மாமா. செவ்வாயில் அப்பா வகுப்புக்குப் போய்விடுவார். மாமா அன்று பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு நின்றார். அந்த மனிதர் கராஜுக்குள் வந்தார், நின்றார். டோர்ச்சைக் கொளுத்தவே இல்லை.

“நாசமாக்கிவிட்டீர்கள்” என்றார். நான் அதைக் கொஞ்சமும் மென்மையாக்காமல் தமிழில் சொன்னேன். சொல்லும்போது ஒரு நிம்மதிகூட இருந்தது.

“பிழை எங்கடை எண்டு சொல்லு. அவரை மினக்கெடுத்திப்போட்டம், மன்னிக்கச் சொல்லு. கோப்பி குடிக்கிறாரோ எண்டு கேள்.”

அவர் கோப்பி குடித்தார். குடித்துக்கொண்டே ஒரு ட்ரம்மை எடுத்துத் திருப்பினார், சாய்த்தார், விளிம்பை விரலால் சுற்றினார். பிறகு சொன்னார்: “இதைச் செய்தவர் பெரிய கைகாரர். இப்படி ஒரு வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் என்னைப் போன்றவர்கள் விலை கொடுப்பது பழசுக்கு. இனி இதற்கு அந்த விலை இந்த உலகத்தில் யாரும் தரமாட்டார்கள்.”

முழுவதையும் மாமாவுக்குச் சொன்னேன். மாமா கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த மனிதர் போனபிறகு என்னிடம் குனிந்து சொன்னார்.

“பின்னேரம் அப்பாட்டை முதல் பாதியை மட்டும் சொல்லு.”

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கிற எனக்கு அது பெரிய அவமானம். பாதியை விழுங்கிவிட்டுச் சொல்வதும் பொய்தானே. ஆனாலும் சொன்னேன். ட்ரம்ஸ் பார்க்க ஒரு டேனிஷ்காரர் வந்தார், செய்தவர் பெரிய கைகாரர் என்றார், இப்படி ஒரு வேலையை அதிகம் பார்த்ததில்லை என்றார். அப்பா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அவையளுக்குத் தெரியும்” என்றார்.

கை கழுவப் போனவர் வழக்கத்தைவிட நீண்ட நேரம் கழுவினார். உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது.

ஆவணியில் ஸ்காகனுக்குப் போனோம். அப்பாவின் பழைய காரில், ஐந்து பேர் உட்காரும் இடத்தில் பெரியம்மா குடும்பத்தையும் சேர்த்து எத்தனை பேர் என்று இப்போது எழுதினால் பொலிஸ் வரும். இரண்டு கடலிலும் கால் வைத்தேன். இரண்டும் ஒரே குளிர். திரும்பும் வழியில் ஒரு கடையில் ஐஸ்கிறீம் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவின் வலது கை மேசைக்குக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் உதட்டைப் பிதுக்கினார். நான் அம்மாவைப் பார்த்தேன். இனி அர்ச்சனை தொடங்கப்போகிறது. அம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். கடற்காற்று ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

இலையுதிர் காலத்தில் அப்பாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் திருத்த வேலைகள் பார்க்கும் உத்தியோகம் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார். அங்கே சாப்பாட்டு மேசைகளின் அடிப்பக்கம் முழுவதற்கும் அவர் வார்னிஷ் அடித்தார் என்பது அந்த முதியவர்கள் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

போன வருடம் பெரியம்மா வீட்டில் அந்தச் சாமத்தியவீட்டு வீடியோவைப் போட்டார்கள். தலைநகரத்துப் பக்கம் இஷொயில் குடும்பத்தோடு இருக்கும் மாமா அன்று வரவில்லை. ட்ரம்ஸ் இப்போதும் அவர் வீட்டு விறாந்தையில்தான் இருக்கிறது. வீடியோவில் பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கும்போது பின்னால் அப்பா ட்ரம்ஸ் துடைக்கிறார். மாலை போடும்போது துடைக்கிறார். கேக் வெட்டும்போதும் துடைக்கிறார்.

“இந்த மனுசன் என்ர பிள்ளையின்ர வீடியோ முழுக்க நிக்குது” என்று பெரியம்மா சிரித்தார்.

“நீங்கள் கறுப்பு ஆகாது எண்டு சொன்னதால வந்த வேலை” என்றேன். “சொல்லாமல் விட்டிருந்தால் மாமா அண்டைக்கே கார் வாங்கியிருப்பார்.”

பெரியம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு திரையைக் காட்டினார். ஆளுயரக் கறுப்புப் பெட்டிகள் இரண்டு, கறுப்புக் கீபோர்ட்.

“நானோ? எனக்கென்ன கறுப்பும் வெள்ளையும். உதெல்லாம் கறுப்புத்தானே நிக்குது, நான் ஏதும் சொன்னனானே? உன்ர மாமன்தான் முதல்நாள் ரெலிபோன் எடுத்து, நாளைக்கு அத்தானுக்கு முன்னால இப்பிடி ஒருக்காச் சொல்லு அக்கா எண்டவன். ஏன்ரா எண்டு கேட்டன். அத்தான் சோபாவை விட்டு எழும்பவேணும் எண்டான்.”

திரையில் மாமா தலையை ஆட்டி ஆட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

சாமத்தியவீடு நடந்த அந்த வருடம் மாரி முழுக்க அவர் சைக்கிளில்தான் போனார். ஒருநாள் ஆலங்கட்டி மழையில் நனைந்து வந்து, நடைவாசலில் குந்தியிருந்து சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளை அடைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் விறைத்து, தாளைக் கசக்க முடியவில்லை. எனக்கு அவர் மேல் இன்னும் கோபம் ஆறியிருக்கவில்லை. அவருக்கு விளங்கக்கூடாது என்பதற்காக டேனிஷில் சொன்னேன்: “இது உன்னுடைய பிழைதான். உனக்கு நன்றாக வேண்டும்.”

அந்த மாதம்தான் அவர் டேனிஷ் பரீட்சையில் நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்திருந்தார். மாமா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“ஓம் பிள்ளை” என்றார். மற்றச் சப்பாத்தை எடுத்தார்.